பிழைத்தவர்களின் பாடம்

சென்னை மெரினாவில் மாற்றுத்திறனாளிகள் கடலருகே போவதற்கான நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்டது. நீளம் 263 மீட்டர், செலவு ரூ.1.14 கோடி. திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அலைகள் மேலேறி வந்து பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டன. பிறகு பழுதுபார்த்தார்கள். நீளம், செலவு, திறந்துவைத்தவர் பெயர், பெயர்ந்த பலகைகளின் படம் எல்லாம் நாளிதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஐம்பது ஆண்டு கழித்து ஓர் ஆய்வு மாணவர் தேடினாலும் அவை கிடைக்கும்.

அவருக்குக் கிடைக்காமல் போகக்கூடியது, அந்தப் பாதை வருவதற்கு முந்தைய காலம். டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளை ஒட்டி மட்டும் மணலில் தற்காலிகப் பாதை போட்டு எடுத்துவிடும் வழக்கம் சில ஆண்டுகள் இருந்தது. கடல் ஆண்டு முழுக்க இருக்கிறது, பாதையும் அப்படி இருக்க வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத்தான் நிரந்தரப் பாதை வந்தது. கேட்டவர்கள் ஏன் அவ்வளவு விடாப்பிடியாக இருந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள மணலில் ஒரு சக்கர நாற்காலியைப் பார்த்தால் போதும். அதன் பின்சக்கரம் பெரியது. முன்சக்கரம் மிகச் சிறியது. மணலில் முதலில் புதைவது அந்த முன்சக்கரம். வேகமாகத் தள்ளினால் நாற்காலி முன்பக்கம் கவிழும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் நாற்காலியைத் திருப்பி, முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்புறமாக இழுத்துக்கொண்டு போவார்கள். அதில் அமர்ந்திருப்பவர் கடலுக்கு முதுகு காட்டியபடியே கடலை நோக்கிப் போவார். அலைச்சத்தம் பின்னாலிருந்து நெருங்கி வரும். கண்ணெதிரே சாலை விலகிக்கொண்டே போகும். கடலைப் பார்க்க அப்படிப் போய்வந்தவர்களுக்கு 263 மீட்டர் மரப்பலகை எதற்கு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த ஒரே பாதையின் கதை இரண்டு கோப்புகளில் பிரிந்து கிடக்கிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துக்கான கோப்பில் அது ஒரு சாதனை. பேரிடர்க் கோப்பில் அது புயல் சேதங்களில் ஒன்று. கேட்டுப் பெற்ற உரிமையைப் பதினைந்து நாளுக்குள் கடல் வந்து பெயர்த்ததைப் பார்த்தவருக்கு இரண்டும் ஒரே அனுபவம். அந்த அனுபவத்துக்கு எந்த அலமாரியிலும் இடமில்லை. வெப்பமும் வெள்ளமும் புயலும் பெருகிவரும் இந்தக் காலத்தை மாற்றுத்திறனாளிகள் எப்படி வாழ்ந்து கடக்கிறார்கள், எதற்காகப் போராடுகிறார்கள் என்பதை யார் சேமித்து வைக்கிறார்கள் என்ற கேள்வி என்னை இங்கிருந்துதான் பிடித்துக்கொண்டது.

தமிழகத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு கூடுதல் அழுத்தம் உண்டு. டிசம்பர் 3ஐ ஐக்கிய நாடுகள் சபை 1992இல் அறிவித்தபோது வடகிழக்குப் பருவமழையை நினைத்திருக்காது. நமக்கோ அந்த நாள் மழைக்காலத்தின் நடுவில் விழுகிறது. 2015இல் டிசம்பர் 1, 2 தேதிகளில் சென்னை மூழ்கியது. டிசம்பர் 3 விடிந்தபோது நகரம் தண்ணீருக்குள் கிடந்தது. 2023இல் மிக்ஜாம் புயலின் பெருமழை டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டியது. அடுத்த இரண்டு வாரத்தில் தென்மாவட்டங்களில் வெள்ளம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. வாழ்த்துரையும் நலத்திட்ட உதவியும் வழங்கும் நாளும் படகு தேடும் நாளும் இங்கே ஒரே வாரத்தில் வருகின்றன. அப்படியிருந்தும், அந்த வாரத்தை வாழ்ந்தவர்களின் சொல் நம்மிடம் சேகரமாகவில்லை.

*

பேரிடர் முடிந்தபின் மாற்றுத்திறனாளியை நாம் இரண்டு விதமாகத்தான் நினைவில் வைக்கிறோம். ஒன்று, யாரோ தோளில் சுமந்து காப்பாற்றிய படம். இரண்டு, இறந்தோர் எண்ணிக்கையில் ஒன்று. முதலாவதில் நாயகர் சுமந்தவர். இரண்டாவதில் பெயரே இல்லை. இரண்டிலும் விடுபடுவது, அந்த மனிதருக்குத் தெரிந்த விஷயம். வெள்ளம் வந்த வீட்டில் பிழைத்த ஒரு மாற்றுத்திறனாளி, பிழைப்பதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கற்றுக்கொண்டு வெளியே வருகிறார். அந்தப் பாடம் அவரோடு முடிந்துவிடக்கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

எப்படிப்பட்ட பாடம் என்று சொல்கிறேன். பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலியில் பேட்டரி இருக்கைக்கு அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கும். கணுக்காலைத் தாண்டித் தண்ணீர் ஏறினாலே அதற்கு ஆபத்து. முழங்கால் அளவுத் தண்ணீர் என்று செய்தியில் சாதாரணமாகச் சொல்வது அவருக்கு முழு முடக்கம். மீட்க வருபவர்கள் ஆளைப் படகில் ஏற்றுவார்கள். நாற்காலியை ஏற்ற இடமில்லை என்பார்கள். முகாமில் இறக்கி விடப்பட்டவர் அங்கே பாயில் கிடப்பார். கழிப்பறைக்குப் போக ஒவ்வொரு முறையும் இரண்டு பேரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு அந்தக் குறைத்துக்கொள்ளல் சிறுநீரகத் தொற்றில் கொண்டுபோய் விடும். படுக்கைப் புண் வராமல் காக்கும் ஏர் பெட்டின் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. மின்சாரம் நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யாராவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். வெள்ளம் வடிந்துவிட்டது என்று ஊர் சொல்லும்போது அவருடைய பேரிடர் அப்போதுதான் தொடங்கியிருக்கும்.

வெயிலுக்கும் இப்படி ஒரு பாடம் உண்டு. கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்ப்பதில்லை. உடம்பு தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும் வழி அடைபட்டுப் போகிறது. ஈரத்துணி, மின்விசிறி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில் என்று வியர்வையின் வேலையைக் கையால் செய்துகொள்ளக் கற்கிறார்கள். மனநோய்க்கான சில மருந்துகளும் உடலின் வெப்பச் சமநிலையைக் குலைப்பவை. 2021 ஜூன் இறுதியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் அடித்த வெப்ப அலையில் 619 பேர் இறந்தார்கள். இறந்தவர்களிடையே மனச்சிதைவு நோய் உள்ளவர்களின் விகிதம், மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள விகிதத்தைவிடப் பல மடங்கு அதிகம் என்பது பின்னர் ஆய்வில் தெரிந்தது. பலர் வீட்டுக்குள்ளேயே, தனியாக இறந்திருந்தார்கள். தமிழக அரசு 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. அந்த அறிவிப்புக்குப் பின்னால் வரப்போகும் திட்டங்களை எழுதுகிறவர்களுக்கு, ஒவ்வொரு கோடையையும் ஈரத்துணியோடு கடந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது.

பார்வையற்றவருக்கு மழை வேறு பொருள் தருவது. பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ஹல் பார்வையை முழுதும் இழந்தபின் 1983 முதல் தன் அனுபவங்களை ஒலிநாடாவில் பேசிப் பதிந்துவந்தார். 1990இல் அவை 'டச்சிங் த ராக்' என்ற நூலாயின. மழை பெய்யும்போது கூரையில் ஒரு சத்தம், நடைபாதையில் ஒரு சத்தம், செடியில் ஒரு சத்தம் என்று உலகம் முழுதும் தனக்கு வடிவம் கொண்டு எழுவதை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். மழையைப் பற்றி அப்படி ஓர் அறிவு மனித குலத்துக்குக் கிடைத்ததற்குக் காரணம், ஒருவர் தனக்குத் தோன்றியதை அன்றன்றே நாடாவில் பதிந்து வைத்ததுதான். இப்போது ஒரு பார்வையற்றவரைச் சென்னை வெள்ளத்தில் நிறுத்திப் பாருங்கள். நடைபாதையின் விளிம்பு, வேகத்தடை, தெருமுனைக் குழி என்று கால்களுக்கு மனப்பாடமான அடையாளங்கள் அனைத்தும் தண்ணீருக்கடியில் போய்விடுகின்றன. வெண்கோல் தட்டினால் ஒலி வருவதில்லை. திறந்து கிடக்கும் பாதாளச் சாக்கடை எங்கே என்று பார்வையுள்ளவர்களுக்கே தெரியாத நேரத்தில் அவர் எதை நம்பி அடி எடுத்து வைத்தார்? இந்தக் கேள்விக்கு 2015இலும் 2023இலும் சென்னையில் பதில் தெரிந்தவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

காதுகேளாதோருக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வரும் எச்சரிக்கையால் பயனில்லை. நள்ளிரவில் கதவைத் தட்டினாலும் கேட்காது. மின்சாரம் போய்விட்டால் இருட்டில் சைகை தெரியாது. டார்ச்சை ஒரு கையில் பிடித்தால் பேச மிச்சமிருப்பது ஒற்றைக் கைதான். இரண்டு கையால் பேசும் மொழியைப் பாதியாக்கித்தான் பேச முடியும். செல்பேசிக் கோபுரம் செயலிழந்தால் வீடியோ அழைப்பும் போய்விடும். பிறர் பேரிடரில் மின்சாரத்தை இழக்கிறார்கள் என்றால் இவர்கள் மொழியையே இழக்கிறார்கள்.

*

இதெல்லாம் தெரிந்தால் என்ன ஆகும், தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் கொடிய சான்றுகள் உண்டு. ஜெர்மனியில் ஆர் ஆற்றின் கரையில் ஸின்ட்ஸிக் என்ற ஊர் இருக்கிறது. அங்கே அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் தங்கியிருந்த இல்லத்தின் தரைத்தளத்துக்குள் 2021 ஜூலை 14 இரவு வெள்ளம் புகுந்தது. 12 பேர் இறந்தார்கள். மேல்தளத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஒரு மாடிப்படிதான் இடைவெளி. அந்தப் படியில் யாரை, எந்த வரிசையில், எத்தனை பேர் துணையோடு ஏற்றுவது என்பது மழை தொடங்கும் முன்பே ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

அமெரிக்காவில் 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி வந்தபோது நியூ ஆர்லியன்ஸில் பெனில்டா கைஷெட்டா என்ற பெண் தன்னை ஏற்றிச் செல்ல வாகனம் வரும் என்று காத்திருந்தார். கைகால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் இருந்தவர். வாகனம் வரவில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று தொலைபேசியில் சொன்னார், தொடர்பு அறுந்தது. பின்னர் அவருடைய உடல் சக்கர நாற்காலிக்கு அருகே கண்டெடுக்கப்பட்டது. மறுமுனையில் இருந்தவர் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் செயல்பாட்டாளர் மார்சி ராத். அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் அந்த உரையாடலைச் சாட்சியமாகச் சொன்னதால்தான் பெனில்டாவின் பெயர் நமக்குத் தெரிகிறது. ஒரு பெயரும் ஒரு தொலைபேசி அழைப்பும் பதிவானதால் வாகனம் வராதது விதியின் விளையாட்டு என்று யாரும் தள்ளிவிட முடியாமல் போனது. சாட்சியம் இல்லாதவர்களின் மரணம் இயற்கைச் சீற்றம் என்ற தலைப்புக்குக் கீழே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

கலிபோர்னியாவின் கதையில் சாட்சியம் அடுத்த கட்டத்துக்குப் போகிறது. 2018 நவம்பரில் மின்கம்பியிலிருந்து மூண்ட காட்டுத்தீ பாரடைஸ் என்ற ஊரை எரித்தது. 85 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். மறு ஆண்டு அக்டோபரில், காற்று பலமாக வீசும் நாட்களில் தீ மூளாமலிருக்க மின்நிறுவனம் லட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரத்தைத் துண்டித்தது. தீயைத் தடுக்க எடுத்த நடவடிக்கை, செயற்கை சுவாசக் கருவியில் மூச்சுவிடுபவர்களின் மூச்சை நிறுத்தும் நிலைக்கு வந்தது. ஓக்லண்டில் ஸ்டேசி பார்க் மில்பர்ன் என்ற இளம்பெண்ணும் அவருடைய தோழர்களும் தங்கள் வீட்டையே அலுவலகமாக்கினார்கள். யாரிடம் ஜெனரேட்டர் இருக்கிறது, யாருடைய இன்சுலினைக் குளிரில் வைக்க வேண்டும், யாருடைய நாற்காலிக்கு மின்னேற்ற வேண்டும் என்று கணக்கெடுத்து ஒருவரை ஒருவர் காத்துக்கொண்டார்கள். வாழ்வதற்கான மின்சாரம் என்ற பொருளில் இயக்கம் ஒன்றையும் நடத்தினார்கள். ஸ்டேசியே சுவாசக் கருவியைப் பயன்படுத்தியவர். அடுத்த ஆண்டு, 2020 மே 19 அன்று, தன் முப்பத்து மூன்றாவது பிறந்தநாளில் இறந்துபோனார்.

அவர் போனபின்னும் அவர் கற்றது போகவில்லை. அந்த வட்டாரத்தில் பதிந்து வைக்கும் பழக்கம் ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. 1977இல் மாற்றுத்திறனாளிகள் சான் பிரான்சிஸ்கோவின் மத்திய அரசுக் கட்டடத்தை வாரக்கணக்கில் ஆக்கிரமித்து அமர்ந்து உரிமைச் சட்ட விதிகளில் கையெழுத்து வாங்கினார்கள். அந்தத் தலைமுறையினரின் வாய்மொழி வரலாறுகளைப் பெர்க்லியில் உள்ள பான்கிராஃப்ட் நூலகம் விரிவாகச் சேகரித்து வைத்திருக்கிறது. 2014இல் ஆலிஸ் வாங் தொடங்கிய டிஸெபிலிட்டி விசிபிலிட்டி ப்ராஜெக்ட், மாற்றுத்திறனாளிகள் தங்களுக்குள் உரையாடிப் பதிந்த குரல்களை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சேமிப்பில் சேர்த்தது. கேள்வி கேட்பவரும் பதில் சொல்பவரும் மாற்றுத்திறனாளிகளாகவே இருந்தார்கள் என்பது அதில் பெரிய விஷயம். எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். முந்தைய தலைமுறை அந்தக் கட்டடத்துக்குள் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதைக் கேட்டறிந்தவர்கள்தான் 2019இல் இருட்டிய நகரத்தில் ஒருவரை ஒருவர் தேடிப் போனார்கள்.

*

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் எட்டாவது பிரிவு, பேரிடர்க் காலத்தில் மாற்றுத்திறனாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டத்திலுள்ள மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்து வரும்போது அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத்திறனாளிகள் 11,79,963 பேர். இந்த எண்ணிக்கையைத் தெருவாரியாகப் பிரித்து வைத்தாலே பல உயிர்கள் காப்பாற்றப்படும். பதிவேடு தேவை, அதில் எனக்கு ஐயமே இல்லை.

ஆனால் பதிவேடு தூக்கிச் செல்ல வேண்டியவர் எங்கே இருக்கிறார் என்று மட்டும் சொல்லும். கை கால் பாதிப்பு, எண்பது சதவீதம், கதவு எண், செல்பேசி எண், அதோடு முடிந்துவிடும். அந்த வீட்டுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வராமல் பின்பக்கச் சாக்கடை வழியாக வருகிறது என்பதும், அவரைத் தூக்கும்போது அக்குளில் கை கொடுத்தால் தோள் விலகிவிடும் என்பதும், அம்மாவுக்கு எழுபது வயது என்பதும், மகன் மழைக்காலத்தில் வெளியூர் வேலைக்குப் போய்விடுவான் என்பதும் பதிவேட்டில் ஏறாது. அவர் வாய் திறந்து சொன்னால்தான் வரும்.

2015 வெள்ளத்துக்குப் பின் அடையாறு, கூவம் கரைகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ள அபாயத்திலிருந்து மக்களைக் காப்பது என்ற பெயரில் நடந்தது அது. ஆற்றங்கரையில் தரையோடு தரையாக இருந்த குடிசையில் தவழ்ந்தாவது வாசலுக்கு வந்து உட்கார்ந்து, போகிற வருகிறவர்களோடு பேசிக்கொண்டிருந்த ஒருவர் மேல்மாடிக்குக் குடியேறுகிறார். லிஃப்ட் ஓடாத நாட்களில் அவருக்குத் தெரு இல்லை, ரேஷன் கடை இல்லை, மருத்துவமனை இல்லை. வெள்ளத்திலிருந்து தப்பினார் என்று ஒரு கணக்கு முடிகிறது. பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய அந்தப் பகுதியிலும் பெருமழையில் தண்ணீர் தேங்கத்தான் செய்கிறது. காலநிலைக்காகச் செய்யப்படும் ஒரு நடவடிக்கை ஒருவருடைய குறைபாட்டைக் கூட்டிவிட முடியும் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. அந்த மாடியில் இருப்பவர் சொல்வார்.

*

போராட்டத்தின் வரலாறு இன்னும் வேகமாக அழிகிறது. காலநிலைப் போராட்டம் என்றால் பதாகை ஏந்திய ஊர்வலம் என்றுதான் நம் மனதில் படம் ஓடுகிறது. படுக்கையிலிருந்து செல்பேசியில் நாற்பது பேரின் மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. உதவித்தொகையை உயர்த்தக் கேட்டு மாற்றுத்திறனாளிகள் செய்யும் மறியலைக் காலநிலைப் போராட்டம் என்று எவரும் எழுதுவதில்லை. வெள்ளத்தில் பாழான நாற்காலியை மாற்றுவதும், வெயிலில் இன்னொரு மின்விசிறி வாங்குவதும், மழைக்கு முன் மேட்டுப்பகுதியில் வாடகைக்குப் போவதும் அந்தத் தொகையைப் பொறுத்தவை. பெருமழைக்குத் தயாராகும் வழியைத்தான் அவர்கள் சாலையில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

உலகம் முழுதும் அறிந்த காலநிலைப் போராளி கிரேட்டா துன்பர்க் ஆட்டிசம் உள்ளவர். தனக்கு அது பலம் என்று வெளிப்படையாகச் சொன்னவர். 2018இல் ஸ்வீடன் நாடாளுமன்றத்தின் முன் அவர் தனியாக உட்கார்ந்ததைப் பள்ளி மாணவியின் துணிச்சலாகவே பெரும்பாலோர் நினைவில் வைத்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் போராட்ட வரலாற்றில் அது ஓர் அத்தியாயம் என்று எத்தனை பேர் சொல்கிறார்கள்? மறுபுறம், சூழல் இயக்கங்களே மாற்றுத்திறனாளிகளைக் கேட்காமல் முடிவெடுத்த சந்தர்ப்பங்களும் உண்டு. பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல் ஓர் எடுத்துக்காட்டு. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் அதற்குத் தடை. பிளாஸ்டிக்கை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மூளை முடக்குவாதம் உள்ள ஒருவருக்குக் காகிதக் குழல் பாதிப் பானத்திலேயே நைந்துபோகும், உலோகக் குழல் பல்லில் மோதும். வளைகிற குழலை நம்பித் தண்ணீர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதைத் தடைக்கு முன் யாராவது கேட்டிருந்தால் மாற்று வழி ஒன்றும் கூடவே பிறந்திருக்கும்.

2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கு வந்த இஸ்ரேலின் எரிசக்தி அமைச்சர் கரீன் எல்ஹரார் சக்கர நாற்காலியோடு உள்ளே நுழைய வழியில்லாமல் முதல் நாள் திரும்பிப் போனார். பிரிட்டன் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ஓர் அமைச்சர் என்பதால் அது செய்தியானது. மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சர்வதேச மாற்றுத்திறனாளிகள் கூட்டமைப்பும் 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, பாரிஸ் ஒப்பந்தத்தில் உள்ள 192 தரப்புகளில் 35 மட்டுமே தங்கள் காலநிலை உறுதிமொழிகளில் மாற்றுத்திறனாளிகளைக் குறிப்பிட்டிருந்தன. வாசலில் நின்றுபோனவர்கள் ஆவணத்திலும் நுழையவில்லை.

*

அப்படியானால் எப்படிச் சேமிப்பது? கண்ணீரைத் தேடிப் போகக்கூடாது என்பதில் தொடங்கலாம். வெள்ளம் வடியாத வீட்டில் ஒலிவாங்கியை நீட்டி எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்பது அவரை மீண்டும் தோளில் சுமப்பதுதான். சில மாதம் கழித்துப் போய், உட்கார்ந்து, வேறு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலில் எதை உயரத்தில் தூக்கி வைத்தீர்கள்? எந்த மாத்திரை தீர்ந்தது? யாருக்கு முதலில் போன் செய்தீர்கள், ஏன் அவருக்கு? முகாமில் எந்த மூலையைத் தேர்ந்தெடுத்தீர்கள்? அடுத்த மழைக்கு வீட்டில் எதை மாற்றியிருக்கிறீர்கள்? இந்தக் கேள்விகள் அவரை விவரம் தெரிந்தவராக நடத்துகின்றன.

அவரவர் மொழியிலேயே பதிய வேண்டும். காதுகேளாதவரின் சாட்சியம் சைகை மொழியில், காணொளியாக இருக்க வேண்டும். எழுத்து வடிவம் அதற்குத் துணையாக வரட்டும், அதன் இடத்தில் உட்காரக்கூடாது. பேச்சு தெளிவில்லாதவர் ஒரு வாக்கியம் முடிக்க ஐந்து நிமிடம் எடுத்தால் அந்த ஐந்து நிமிடமும் பதிவில் இருக்க வேண்டும். அம்மாவோ மனைவியோ குறுக்கே வந்து அவருக்காகப் பேசிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். பராமரிப்பவரின் அனுபவமும் பெரிது. அதைத் தனியாகப் பதியலாம். அறிவுசார் குறைபாடு உள்ளவரோடு வெள்ளம் வந்த வழியே நடந்து போனால் அவர் கைகாட்டும் இடங்களே சாட்சியம். சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் உரிமை அவருக்கு எப்போதும் இருக்க வேண்டும். வீட்டுக்குள் ஒருவர் எவ்வளவு தூரம் பிறரை நம்பியிருக்கிறார் என்பதைச் சொல்லும் பதிவு தவறான கைக்குப் போனால் அவருக்கே ஆபத்து.

தமிழில் இதற்கு நிலம் ஏற்கெனவே பண்பட்டிருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் ஈழத் தமிழரின் நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் சேர்த்துவருகிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் தனிமனிதர் ஒருவரின் சேகரிப்பிலிருந்து வளர்ந்தது. எரிந்தும் கரைந்தும் போகவிருந்தவற்றைக் காப்பாற்றத் தெரிந்த சமூகம் நாம். அந்த உழைப்பின் ஒரு பங்கை இந்தக் குரல்களுக்கும் தர முடியும். சேமிப்பிடத்தின் வாசலில் சாய்தளமும், பதிவுகளைத் திரைவாசிப்பானில் கேட்கும் வசதியும் இருக்க வேண்டும். தன் சாட்சியத்தைத் தானே போய்ப் பார்க்க முடியாத ஆவணக் காப்பகம் யாருக்காக?

இந்தப் பதிவுகள் பெட்டிக்குள் தூங்கவும் கூடாது. பேரிடர் அபாயக் குறைப்புக்கான ஐ.நா. அலுவலகம் 2013இல் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளின் மாற்றுத்திறனாளிகளிடம் கேட்டபோது, திடீர்ப் பேரிடரில் சிரமமின்றி உடனே வெளியேற முடியும் என்றவர்கள் 20 சதவீதம்தான். பத்தாண்டு கழித்து 2023இல் மீண்டும் கேட்டபோது 84 சதவீதத்தினரிடம் தனிப்பட்ட முன்னேற்பாட்டுத் திட்டம் இல்லை. இந்தப் பத்தாண்டில் பிழைத்தவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு திட்டத்தைத் தாங்களாகவே வகுத்துத்தான் பிழைத்திருக்கிறார்கள். அடுத்தவருக்கு அது போய்ச் சேரவில்லை. ஒவ்வொரு வெள்ளத்திலும் ஒவ்வொருவரும் புதிதாக, தனியாக, உயிரைப் பணயம் வைத்துக் கற்க வேண்டியிருக்கிறது. தடுக்கக்கூடிய கொடுமை இது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. மணல் மூட்டை எத்தனை, படகு எத்தனை, மின்மோட்டார் எத்தனை என்று கணக்குப் பார்க்கிறார்கள். முந்தைய மழையைப் பேட்டரி நாற்காலியோடு கடந்தவர், ஒற்றைக் கைச் சைகையோடு கடந்தவர், மேல்மாடியில் அடைபட்டுக் கடந்தவர் சொன்னவை தொகுக்கப்பட்டு அந்த மேசைமீது இருக்க வேண்டும். சொன்னவர்களும் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருக்க வேண்டும். முடிவெடுக்கும்போது அவர்கள் குரலுக்கும் எடை இருக்க வேண்டும். அவர்களின் அனுபவத்தைப் பாதுகாப்பது என்பதற்கு இதைவிடக் குறைவான பொருளை நான் ஏற்கமாட்டேன்.